டைம்ஷேர் திட்டம்: சிறு பிள்ளைகளுடன் செல்பவர்களுக்கு ஸ்டுடியோ போதுமா?

கேள்வி: தேவகோட்டையில் வசிக்கிறோம். நான்கு வயதில் மகனும் ஒன்றரை வயதில் மகளும் இருக்கிறார்கள். வெளியூர் சென்றால் என் தாயாரும் உடன் வருவார். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடை வாசலில் பெயரும் கைப்பேசி எண்ணும் எழுதிக் கொடுத்தோம். பரிசு விழுந்திருப்பதாக மதுரையில் ஒரு ஹோட்டலுக்கு அழைத்து, முன்பணம் கட்டிச் சேர்ந்தால் ஆண்டுதோறும் சில நாட்கள் ரிசார்ட்டில் தங்கலாம் என்ற 25 ஆண்டு டைம்ஷேர் திட்டத்தை விளக்கினார்கள். “ஸ்டுடியோவில் நான்கு பேர் தங்கலாம், பிறகு பெரியதாக மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார் முகவர். ஆண்டுதோறும் மே மாதம் கொடைக்கானல் செல்வோம். ஸ்டுடியோ எடுக்கலாமா, ஒரு படுக்கையறை உள்ள வீடு எடுக்கலாமா?

பதில்: எல்லாம் ஒரே அறைக்குள் அடங்கிய ஸ்டுடியோ வேண்டாம். சேர்வதாக இருந்தால், கதவு போட்ட ஒரு படுக்கையறையும் அதற்கு வெளியே தனிக் கூடமும் உள்ள வீட்டையே கேளுங்கள். முதலில், நீங்கள் ஐந்து பேர். முகவர் சொன்னது நான்கு பேர் கணக்கு. ஸ்டுடியோ என்றால் பெரும்பாலும் பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்றுதான் ஒப்பந்தத்தில் இருக்கும். உங்கள் தாயாருக்கு அதில் இடமே இல்லை.

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் நடு முற்றம் வைத்துக் கட்டிய வளவு வீடுகளில் அறை என்பது அந்தந்தப் புள்ளி, அதாவது கூட்டுக் குடும்பத்துக்குள் மணமான ஒவ்வொரு சோடியும், தன் சாமான்களை வைத்துப் பூட்டிக்கொள்ளும் இடமாகத்தான் இருந்தது. பிள்ளைகள் முற்றத்தைச் சுற்றிய வளவுப் பத்தியில் வரிசையாகப் பாய் விரித்துத் தூங்குவார்கள், பெரியவர்கள் முகப்பில் உட்கார்ந்து நள்ளிரவு வரை பேசினாலும் யாருடைய தூக்கமும் கெடாது. அந்தப் பழக்கத்தில், எத்தனை தலை என்று மட்டும் எண்ணிப் பார்த்து இடம் போதும் என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஸ்டுடியோவில் கட்டில், சோபா, தொலைக்காட்சி, அடுப்பு மேடை எல்லாம் ஒரே நான்கு சுவருக்குள் இருக்கும். என் மகள் குடும்பத்தோடு ஒருமுறை அப்படித் தங்கினேன். பேரன் எட்டு மணிக்கு உறங்கியதும் விளக்கை அணைத்து, குளியலறைக் கதவை ஒரு சாண் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் பெரியவர்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். தாள் சரசரத்த சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டான். தங்கிய மூன்று இரவும் இப்படியே போயிற்று.

ஒரு படுக்கையறை வீட்டிலும் எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். ரிசார்ட்டுகளை மாற்றிக்கொள்ள உதவும் பன்னாட்டு அமைப்புகளின் பட்டியலில் ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு எண்கள் இருக்கும்: அதிகபட்சம் எத்தனை பேர் படுக்கலாம் என்பது ஒன்று, பிறர் படுத்திருக்கும் அறையைக் கடக்காமல் எத்தனை பேர் தனியாகப் படுத்துக் குளியலறைக்கும் செல்லலாம் என்பது மற்றொன்று. முகவர் வாயில் வருவது எப்போதும் முதல் எண்தான். கூடத்தில் இருப்பது இழுத்து விரிக்கும் சோபா என்றால் அதில் படுக்கப்போவது பிள்ளைகளின் அப்பத்தாதான். முழங்கால் வலி உள்ளவர் அந்தத் தாழ்வான படுக்கையிலிருந்து விடியற்காலையில் எழுவது எளிதல்ல. எனவே தாயாரும் மகனும் உள்ளே கட்டிலிலும், நீங்கள் இருவரும் மகளோடு கூடத்திலும் படுப்பதாக வைத்து இடத்தைப் பாருங்கள்.

பல ஒப்பந்தங்களில் 12 வயது வரைதான் பிள்ளைக் கணக்கு. உங்கள் மகன் எட்டு ஆண்டுகளில் அந்த வயதைத் தொடுவான். மீதமிருக்கும் 17 ஆண்டுகளுக்கு அவன் பெரியவர் கணக்கில் வருவான். பிள்ளைகள் சிறியவர்கள், சின்ன இடம் போதும் என்ற பேச்சு முதல் சில ஆண்டுகளுக்குத்தான் பொருந்தும்.

அறையின் அளவைவிடப் பருவம், அதாவது ஆண்டின் எந்தக் காலத்தில் தங்க உரிமை வாங்குகிறீர்கள் என்பது, முக்கியம். பருவங்களை நிறங்களால் பிரித்திருப்பார்கள். வழக்கமாகச் சிவப்பு என்பது தேவை மிகுந்த காலம், நீலம் என்பது தேவை குறைந்த காலம். பெரிய வீட்டை மலிவாகத் தருவதாகச் சொன்னால் அது பெரும்பாலும் நீலமாக இருக்கும். பள்ளி விடுமுறையான மே மாதத்தில் அதைக் கொண்டு கொடைக்கானலில் அறை கேட்க முடியாது. உரிய பருவத்தை வாங்கினாலும், காலி இருந்தால்தான் இடம்.

ஸ்டுடியோ பொருந்தும் விதிவிலக்கு ஒன்று உண்டு. சில திட்டங்களில் ஸ்டுடியோவின் ஏழு இரவுகளைக் கொடுத்துப் பெரிய வீட்டில் குறைந்த இரவுகள் தங்கலாம். ஆண்டுக்கு மூன்று இரவுக்கு மேல் உங்களால் கடையை விட்டோ அலுவலகத்தை விட்டோ வர இயலாது என்றால், இந்த வழியில் ஸ்டுடியோ வாங்குவதில் தவறில்லை. ஆனால் எத்தனை இரவுக்கு எத்தனை இரவு என்பது ஒப்பந்தத்தில் எண்ணாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அது மே மாதத்துக்கும் செல்லும் என்று எழுதியிருக்க வேண்டும். அந்த விகிதத்தை நிறுவனம் தன் விருப்பப்படி மாற்றலாம் என்ற வாசகம் இருக்கக் கூடாது. இந்த மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த விதிவிலக்கை மறந்துவிடுங்கள். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று முகவர் சொல்வது இதுவன்று. அவர் சொல்வது மேலும் பணம் கட்டிப் பெரிய திட்டத்துக்கு மாறுவது. அன்றைய விலை என்னவோ அதுதான் விலை.

அந்த ஹோட்டல் கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பரிசு என்பது உங்களை இரண்டு மூன்று மணி நேரம் உட்காரவைப்பதற்கான கூலி. இன்று மட்டும் இந்த விலை என்று சொல்லி அங்கேயே அட்டையைத் தேய்க்கச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போகாத ஆண்டுக்கும் பராமரிப்புக் கட்டணம் உண்டு, வீடு பெரியதானால் அதுவும் கூடும், அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உண்டு என்பதை அந்த மேசையில் யாரும் தாமாகச் சொல்வதில்லை. சலித்துப்போய் உறுப்பினர் உரிமையை விற்க நினைப்பவர்களை இன்னொரு கூட்டம் தொலைபேசியில் பிடிக்கும்: ஆள் தயாராக இருக்கிறார், பதிவுக் கட்டணம் மட்டும் முன்னதாக அனுப்புங்கள் என்பார்கள். ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே டைம்ஷேர் வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகும் உரிமையைக் கொடுத்துவிட்டது. இங்கே இன்றளவும் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நிறுவனம் தன் ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுக்கும் சில நாட்களே நமக்குக் கிடைக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நிறுவனம் எங்கிருந்தாலும் நீங்கள் வசிக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்று சொல்ல வேண்டுமானால் மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்புக்கு அறிவிப்புச் சேர்ந்து மூன்று மாதங்களில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கைக்குழந்தையோடு வாய்தாவுக்கு அலைந்த பெற்றோரைப் பார்த்தவன் என்பதால், அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஆகவே பணம் கட்டும் முன்பே நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். பெரியவர் மூவர், பிள்ளைகள் இருவர், மே மாதம், கொடைக்கானல் என்று குறிப்பிட்டு எந்த வீடு கிடைக்கும் என்று கேளுங்கள். பால் காய்ச்சிக் கஞ்சி வைக்க அடுப்பு உண்டா, கெட்டில் மட்டும்தானா, பால்கனிக் கம்பிகளுக்கிடையே நான்கு வயதுப் பிள்ளையின் தலை நுழையுமா, குளியலறையில் வாளி உண்டா என்பதையும் கேளுங்கள். முகவர் தொலைபேசியில் தரும் பதில் எதற்கும் உதவாது. நிறுவனத்தின் மின்னஞ்சல் வரும்வரை காசோலை உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.