பிடித்ததைச் செய்தால் சேவை ஆகாதா?

வணக்கம் ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறேன். பி.காம். படித்தவன். வேலை முடிந்தால் எனக்கு இருப்பது இரண்டே பொழுதுபோக்கு. நாவல் படிப்பேன், செல்போனில் முகம் தெரியாதவர்களோடு செஸ் ஆடுவேன்.

சென்ற ஆண்டு நண்பர்கள் சிலரோடு ஒரு சேவைக் குழுவில் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் பேருந்து நிலையம் பக்கம் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுப்போம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கொடுப்பதைவிடப் படமெடுப்பதற்கு அதிக நேரம் ஆக ஆரம்பித்தது. ஒருநாள் படம் சரியாக விழவில்லை என்று ஒரு பெரியவரிடம் பொட்டலத்தைத் திருப்பி வாங்கி, மறுபடி கொடுத்தார்கள். அதோடு நான் போவதில்லை.

நின்றதிலிருந்து மனசு உறுத்துகிறது. "எனக்குப் படிக்கப் பிடிக்கும், அதை வைத்து யாருக்காவது ஏதாவது செய்ய முடியுமா?" என்று ஒரு நண்பரிடம் கேட்டேன். "உனக்குப் பிடித்ததைச் செய்துவிட்டு அதற்குச் சேவை என்று பெயர் வைக்காதே. உடம்பு நோகணும்" என்றார். பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வு எழுதிக் கொடுப்பதாக நீங்கள் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். என்னைப் போன்றவன் செய்யக்கூடியதா அது? இல்லை, பேசாமல் மாதம் ஒரு தொகை அனுப்பிவிட்டு இருந்துவிடலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். தாராளமாக அனுப்பலாம். மாதாமாதம் சத்தமில்லாமல் வந்து சேரும் சின்னத் தொகையில்தான் பல விடுதிகளின் மின்கட்டணமும் சமையல்காரர் சம்பளமும் போகின்றன. பணம் அனுப்புவது மட்டம், நேரில் போவது உசத்தி என்ற வரிசை எதுவும் என்னிடம் கிடையாது. பிறந்தநாளன்று கேக்கோடு வந்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, அரைமணி நேரத்தில் கிளம்பிவிடுகிறவரைவிட மாதம் ஐந்நூறு ரூபாய் அனுப்பிவிட்டுத் தன் பாட்டுக்கு செஸ் ஆடுகிறவர் எவ்வளவோ மேல்.

உங்கள் நண்பரோடு எனக்கு ஒப்புதல் இல்லை. உடம்பு நோவதுதான் அளவு என்றால் அந்தப் பொட்டலக் குழுவினரும் விடியற்காலையில் எழுந்து, அடுப்படியில் வெந்துதான் வந்திருப்பார்கள். அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது நேர்ந்ததுதானே? நான் பார்த்தவரை, கடமைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வருகிறவர்கள் நாலு மாதம் வருவார்கள். வேலை பிடித்து வருகிறவர்கள் தங்கிவிடுவார்கள். பரீட்சைக்கு நாலு நாள் இருக்கும்போது வாசித்துக் காட்டுகிறவர் வராமல் போனால் அந்த மாணவன் என்ன செய்வான்?

ஆனால் நண்பர் சொன்னதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. நமக்குப் பிடித்த வேலையை நமக்குப் பிடித்த விதத்திலேயே செய்யத்தான் கை வரும். எதிரில் இருப்பவருக்கு வேண்டிய விதம் வேறாக இருக்கும். அங்கே நம் ருசியை அடக்கிக்கொள்ள வேண்டும். உடம்பு நோகாவிட்டாலும் அகங்காரம் கொஞ்சம் நோகும். அதை உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், சமாதானம் ஆகிவிடுவார்.

தேர்வு எழுதுவதையே எடுத்துக்கொள்வோம். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் சொல்வதை எழுதுபவராக (இவர்தான் ஸ்க்ரைப்) ஆசிரியர்களையே அரசு நியமித்துவிடுகிறது. சிக்கல் கல்லூரியில் ஆரம்பிக்கும். நவம்பரிலும் ஏப்ரலிலும் செமஸ்டர் வரும்போது மாணவர்களே ஸ்க்ரைப் தேடி அலைய வேண்டியிருக்கிறது. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் பரீட்சை. கிடைத்த ஆளும் முதல்நாள் ராத்திரி போன் செய்து, "காய்ச்சல், நாளைக்கு வர முடியாது" என்பார்.

நம்மைப் போல நாலு புத்தகம் படித்தவன் ஸ்க்ரைபாக உட்கார்ந்தால் என்ன ஆகும் தெரியுமா? வரலாற்றுத் தேர்வு. மாணவர் சொல்கிறார்: "பல்லவர்கள் முதல்ல பாறையைக் குடைஞ்சு கோயில் கட்டினாங்க. அப்புறம் கல்லை அடுக்கிக் கட்டினாங்க." கை தானாக "குடைவரைக் கோயில்கள், கட்டுமானக் கோயில்கள்" என்று எழுதப் போகும். அந்த இரண்டு சொல்லுக்கும் மதிப்பெண் உண்டு. அவர் அவற்றைச் சொல்லவில்லை. ஆகவே எழுதக் கூடாது. குடைஞ்சு என்று சொன்னதைக் குடைந்து என்று எழுதலாம், அவ்வளவுதான். அவருக்குத் தெரிந்ததை அவர் சொல்லி வாங்கும் 45 மதிப்பெண் அவருடையது. நம் தயவில் வரும் 60-ஐ வைத்துக்கொண்டு அடுத்த வருடம் வகுப்பில் அவர் என்ன செய்வார்?

ஒரு மதிப்பெண் கேள்விகளில் இன்னும் கஷ்டம். நாலு விடைகளையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். நமக்கு விடை தெரிந்திருந்தால் சரியான விடையில் குரல் லேசாக ஊன்றும். காதால் படித்து வளர்ந்தவர்கள் அதை உடனே பிடித்துவிடுவார்கள். தப்பு அவர்களுடையது இல்லை. அதனாலேயே எனக்குத் தெரியாத பாடத்துக்கு எழுதுவதைத்தான் நான் விரும்புகிறேன். பொருளாதாரத் தாளில் நான் பரம நிரபராதி.

விதிகளையும் தெரிந்துகொண்டு போங்கள். 2018-இல் ஒன்றிய அரசின் சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஸ்க்ரைப் வைத்து எழுதுபவருக்கு மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று இருந்தது. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடும். தேர்வர் தானே ஆளை அழைத்து வந்தால், அந்த ஆளின் படிப்பு தேர்வருடையதைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. நீங்கள் பட்டதாரி. அந்தக் கணக்குப்படி எம்.ஏ. மாணவருக்கு எழுதலாம். பி.ஏ. மாணவருக்கு எழுதப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். விதிகள் அவ்வப்போது திருத்தப்படும், கல்லூரிக்குக் கல்லூரி நடைமுறையும் மாறும் என்பதால் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. தேர்வு தொடங்கிய பிறகு கிளம்பும் தகராறில் மாணவரின் நேரம்தான் போகும்.

சரி, வாசிப்புக்கு வருகிறேன். இரண்டாம் உலகப் போரில் கண்ணிழந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்குக் கல்லூரியில் படிக்க அரசு பணம் கொடுத்தது. ஆனால் அவர்கள் படிக்கும் வடிவில் பாடப்புத்தகம் இல்லை. நியூயார்க் பொது நூலகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்கள். 1948-இல் ஆன் மெக்டொனால்ட் என்ற பெண்மணி, நூலகத்தில் உதவிக்கு வந்துகொண்டிருந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு, பாடங்களை வாசித்து இசைத்தட்டில் பதிந்து அனுப்ப ஆரம்பித்தார். சிப்பாய்கள் கேட்டது இலக்கியத்தை அல்ல, பாடப்புத்தகத்தை. அந்தப் பெண்களும் அதைத்தான் வாசித்தார்கள்.

உங்களுக்கு நாவல் பிடிக்கும். உங்களிடம் வரப்போவது அநேகமாக பி.எட். கற்பித்தல் முறைகளோ, போட்டித் தேர்வுக்கான ஆட்சியியல் கையேடோதான். ஆசையோடு போய் அந்தக் கையேட்டைப் பார்த்ததும் ஓடியவர்கள் உண்டு. வாசிக்கும் முறையும் வேறு. நடிக்கக் கூடாது. உச்சரிப்பு தெளிவாக இருந்தால் போதும், குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டித்தான் கேட்பார்கள், உங்கள் குழைவெல்லாம் அங்கே காணாமல் போய்விடும். பக்க எண்ணைச் சொல்ல வேண்டும். அட்டவணை வந்தால் முதலில் அதில் எத்தனை நெடுவரிசை, எத்தனை வரி, தலைப்புகள் என்ன என்று சொல்லிவிட்டு, பிறகு வரி வரியாக வாசிக்க வேண்டும். படம் வந்தால் "இங்கே ஒரு படம் இருக்கிறது" என்று தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று நாலு வாக்கியத்தில் சொல்வதுதான் உண்மையான வேலை, அதற்கு நாவல் படித்தவனின் மொழி உதவும். பதிவுக்கு ஸ்டூடியோ தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதன் முன் உட்கார்ந்து செல்போனில் வாசித்தால் எதிரொலி அடங்கிவிடும். குக்கர் விசிலுக்கு மட்டும் வழி கிடையாது, நிறுத்தி மறுபடி வாசிக்க வேண்டும்.

இப்போது கணினியும் செல்போனுமே வாசித்துக் காட்டுகின்றனவே, மனிதன் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்விதான். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருளை 2006-இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன். கூடச் சேர்ந்தவர் ஜேம்ஸ் டே. இருவருமே பார்வையற்றவர்கள், சிறுவயதில் ஓர் இசை முகாமில் சிநேகமானவர்கள். விலை கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள்கள் எல்லோருக்கும் கட்டுப்படியாகவில்லை என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். அதில் தமிழும் கேட்கலாம். ஆனால் கோப்பில் உள்ள எழுத்து ஒழுங்காக இருந்தால்தான் கேட்கலாம்.

உதாரணம் பாருங்கள். "அவர்கள்" என்று எழுதுவதற்குப் பதிலாக "அவா்கள்" என்று எழுதப்பட்ட கோப்புகள் நம்மிடம் ஏராளம். உற்றுப் பாருங்கள், இரண்டாவதில் ரகரம் இல்லை, துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. திரைவாசிப்பானோ உள்ளதை உள்ளபடி வாசிக்க முயன்று உளறும். ஒரு பக்கத்தில் இருபது இடத்தில் இப்படி வந்தால் கேட்பவருக்குத் தலைசுற்றும். பழைய எழுத்துருக்களில் அடித்த பாடக்குறிப்புகள் இன்னும் மோசம், அவற்றில் ஒரு சொல்லும் தேறாது. பேராசிரியர் கையால் எழுதி, சாய்வாகப் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பிய குறிப்புகளும் அப்படித்தான். இவற்றை உட்கார்ந்து, எல்லாக் கணினியும் படிக்கும் பொது எழுத்துமுறையான யூனிகோடில் சரியாக அடித்துக் கொடுக்கப் பொறுமையான ஆள் வேண்டும். கணக்குப் பார்க்கிற உங்களைவிடப் பொருத்தமான ஆள் யார்?

தமிழில் இதற்கு ஒரு பெரிய முன்மாதிரி உண்டு. சுவிட்சர்லாந்தின் லௌசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். பல நாடுகளில் இருந்தவர்கள் தங்கள் ஓய்வுநேரத்தில் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, மெய்ப்புப் பார்த்து, இலவசமாக வைத்தார்கள். அவர்களில் யாரும் உடம்பு நோக வேண்டும் என்று அதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. தமிழ் எம்.ஏ. படிக்கும் பார்வையற்ற மாணவர் இன்று குறுந்தொகையைச் செல்போனில் கேட்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பதிப்புரிமை பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன், அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். 2012-இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும் வடிவில் நூல்களை லாபநோக்கின்றி மாற்றிக் கொடுக்க அனுமதித்தார்கள். நாடுகளுக்கிடையே இத்தகைய நூல்கள் போய்வர வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதன்முதலில் ஏற்றுறுதி செய்த நாடே இந்தியாதான். ஆனால் கோப்பு அவர்களுக்கு மட்டும்தான். வாசித்ததை யூடியூபில் ஏற்றி லைக் எண்ணினால் கதை வேறு.

உங்கள் செஸ்ஸையும் விட்டுவிட வேண்டாம். பார்வையற்றவர்கள் ஆடும் பலகையைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துளை. காய்களின் அடியில் ஒரு முளை இருக்கும், அதைத் துளையில் செருக வேண்டும். கறுப்புக் காய்களைத் தடவியே கண்டுபிடிக்கத் தனி அடையாளம் உண்டு. நகர்த்துவதை வாயால் சொல்ல வேண்டும். நம் ஆட்டத்தில் தொட்டால் நகர்த்தியாக வேண்டும். அவர்கள் தடவித்தானே பார்க்க முடியும்? அதனால் துளையிலிருந்து காயை எடுத்தால்தான் தொட்டதாகக் கணக்கு. நன்றாக ஆடுகிற ஒருவரோடு உட்காருங்கள். விட்டுக்கொடுத்து மட்டும் ஆடாதீர்கள், கண்டுபிடித்து மானத்தை வாங்கிவிடுவார்கள்.

எங்கே தொடங்குவது? உங்கள் ஊரிலோ கோவையிலோ அரசு கலைக்கல்லூரியில் தமிழ்த்துறை, வரலாற்றுத்துறை ஆசிரியர் ஒருவரைப் போய்ப் பாருங்கள். பார்வையற்ற மாணவர்கள் அந்தத் துறைகளில்தான் அதிகம். குழுவாகப் போகாமல் தனியாகப் போங்கள். "நான் என்ன செய்யட்டும்?" என்று மாணவரிடமே கேளுங்கள். அவர் ஸ்க்ரைப் வேண்டாம், ஹால் டிக்கெட் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்பிக் கொடுத்தால் போதும் என்று சொல்லலாம். அதை நிரப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள். செமஸ்டருக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கும்போதே போனால், உங்கள் குரலும் வேகமும் அவருக்கு ஒத்துவருமா என்று பார்க்க அவருக்கு அவகாசம் கிடைக்கும். ஒத்துவராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அன்புடன்.