155ஆம் கட்டையிலிருந்து கண்டிக்கு

கேள்வி: மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. அவளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, 72 வயது அம்மாவுக்கு நுவரெலியாவையும் காட்டலாம் என்று யோசிக்கிறோம். ரயிலில் போவதா, வான் பிடிப்பதா? வளைவுப் பாதை என்றால் அம்மாவுக்குச் சத்தி வரும்.
- வாசகி, 155ஆம் கட்டை, கிளிநொச்சி

பதில்: தங்கச்சி, பாதி விடை உங்கள் விலாசத்திலேயே இருக்கிறது. 155 என்பது கண்டியிலிருந்து எண்ணி வந்த மைல் கணக்கு. கிட்டத்தட்ட 250 கிலோமீற்றர். ஏ-9 ஐ நாங்கள் கண்டி வீதி என்று சும்மா சொல்லவில்லை, அது தொடங்குவதே கண்டியில்தான்.

ரயிலிலும் போகலாம். ஆனால் அனுராதபுரம், மாகோ, குருநாகல் தாண்டிப் பொல்காவலை வரை போய், அங்கே இறங்கிக் கண்டி வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். மகளின் பெட்டி, தலையணை, வாளி, கூடவே அம்மா. வேண்டாம். பேராதனை வரை வானிலேயே போங்கள்.

விடிய முதல் வெளிக்கிட்டு, முறிகண்டியில் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டால் மாத்தளை வரை சோலி இல்லை. அதன் பிறகு அக்குறணை, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் வாகனம் ஊரும். பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் கண்டி நகருக்குள் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஒருவழிப் பாதைகளில் திரும்பவேண்டிய சந்தியைத் தவறவிட்டு நான் வாவியை மூன்று தரம் சுற்றியிருக்கிறேன். வானை ஓரிடத்தில் விடுங்கள். ரயில் நிலையம், சந்தை, தலதா மாளிகை எல்லாம் நடக்கிற தூரம்தான்.

மலை ஏறும்போதுதான் ரயில். மகளை விட்டுவிட்டு அன்றிரவு கண்டியில் தங்கி, அடுத்த நாள் அம்மாவோடு நீங்கள் ரயிலில் ஏறுங்கள். நானுஓயாவுக்கு ஏறக்குறைய 4 மணித்தியாலம். றோட்டில் போல வெட்டி வெட்டித் திருப்பாது, மெல்ல மெல்ல ஏறும், எழும்பி நிற்கவும் இடமுண்டு. நுவரெலியா நகருக்குள் ரயில் போகாது. நானுஓயாவில் இறங்கி இன்னும் 8 கிலோமீற்றர் போக வேண்டும். அதனால் வானை கம்பளை, ரம்பொடை வழியாக வெறுமையாக அனுப்பி அங்கே நிற்கச் சொல்லுங்கள்.

நானுஓயா வழியாக ஓடும் பதுளை வண்டி சில கண்டிக்குள் வந்து போகும், சில பேராதனைச் சந்தியோடு நேரே மலைக்குத் திரும்பிவிடும். எங்கே ஏறுவது என்று ரிக்கெற் எடுக்கும்போதே கேளுங்கள். இருக்கை முன்பதிவு திறந்தவுடன் முடிந்துவிடும், கடைசி நேரத்துக்கு விடாதீர்கள். 2025 நவம்பர் புயலில் மலையகப் பாதை பல இடங்களில் உடைந்தது. எதுவரை வண்டி ஓடுகிறது என்று நிலையத்தில் விசாரித்த பிறகு நாள் குறியுங்கள்.

இனி வானில் திரும்பி வரும் இறக்கம். வன்னியில் 26 வருடம் ஹயர் ஓடினவன் நான். நேர் றோட்டில் பழகிய கால், பிறேக்கை விட்டால் வேறொன்றையும் தேடாது. முதல் தரம் சீதா எலிய கோயிலுக்குப் போன சனத்தோடு ரம்பொடையில் இறங்கியபோது, வளைவுக்கு வளைவு மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் றப்பர் எரிகிற மணம். பின்சீட்டில் ஒரு ஆச்சி, "தம்பி, தேயிலைத் தோட்டத்தில் ரயர் கொளுத்துகிறார்களோ?" என்று கேட்டா. பெடல் பஞ்சு மாதிரி இறங்கியது. கியரைக் குறைத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி, சில்லுக்குக் கல் வைத்துவிட்டு முக்கால் மணித்தியாலம் இருந்தோம். ஒருவர் தண்ணீர் ஊற்றச் சொன்னார், நான் விடவில்லை. கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துப் போகும்.

ஏறின கியரிலேயே இறங்க வேண்டும், இதுதான் மலைநாட்டுச் சாரதிமாரின் கணக்கு. அம்மா முன்சீட்டில் இருக்கட்டும், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறவேண்டாம். பின்னேரம் குளிரும், காதை மூட ஒரு துணி கொண்டுபோங்கள். அப்புறம், ஹயர் பேசும்போதே சாரதியிடம் கேளுங்கள்: "தம்பி, ரம்பொடையில் எந்தக் கியரில் இறங்குவீர்?" கேட்டதற்குக் கோபித்தால் வேறு வானைப் பாருங்கள்.