சட்டம் கேளுங்கள்: காரணம் சொல்லாமல் வேலைநீக்கம்

கேள்வி: மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் 4 ஆண்டுகள் விற்பனையாளராக இருந்தேன். சரக்கு குறைகிறது என்று பழி சுமத்தி, 'நாளை முதல் வர வேண்டாம்' என வாட்ஸ்அப்பில் மட்டும் செய்தி அனுப்பிவிட்டார்கள். பாக்கிச் சம்பளம் வேண்டுமானால் வெற்றுத்தாளில் கையெழுத்திடச் சொல்கிறார்கள். எதிர்க்க வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், அந்தத் தாளில் கையெழுத்திட்டுவிடாதீர்கள். அதுவே நாளைக்கு உங்கள் ராஜினாமாக் கடிதமாக மாறிவிடும். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதங்களுக்குக் குறையாமல் வேலை பார்த்த ஒருவரை, நியாயமான காரணமும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. முறைகேடு என்றால் முன்னறிவிப்பு தேவையில்லைதான். ஆனால் அதற்கு விசாரணை நடத்தி, சாட்சியங்களைப் பதிவு செய்து குற்றத்தை நிறுவியிருக்க வேண்டும். உங்கள் கடையில் விசாரணை நடந்ததாகவே தெரியவில்லை.

நீக்கப்பட்ட 30 நாட்களுக்குள் தொழிலாளர் துறையின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனுச் செய்யுங்கள். கடைக்காரர்கள் வழக்கமாக 'இவர் எங்களிடம் வேலையே பார்க்கவில்லை' என்றுதான் தொடங்குவார்கள் என்பதால், சம்பளம் வரவான வங்கிப் பாஸ்புக், பி.எஃப். அல்லது இ.எஸ்.ஐ. எண், அடையாள அட்டை ஆகியவற்றோடு அந்த வாட்ஸ்அப் செய்தியையும் தேதி தெரியும்படி படமெடுத்து இணையுங்கள். செல்பேசியிலிருந்து மூலச் செய்தியை அழித்துவிட வேண்டாம். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. விற்பனையாளரான உங்களுக்கு அந்தத் தடை இல்லை.