கொக்கு எப்படி முற்றுகைப் பொறி ஆனது?

"பறவை, பழங்கால முற்றுகைக் கருவியும்கூட, லத்தீனில், 4 எழுத்து" என்ற ஆங்கிலக் குறுக்கெழுத்துக் குறிப்புக்கு விடை கேட்டிருக்கிறீர்கள். விடை ஜி-ஆர்-யு-எஸ், அதாவது 'க்ரூஸ்'. லத்தீனில் கொக்கு என்று பொருள்.

சரி, கோட்டை இடிக்கிற இடத்தில் கொக்குக்கு என்ன வேலை? அலெக்சாந்தரின் பொறியாளர் டையடீஸின் கருவிகளை ரோமானியக் கட்டடக்கலைஞர் வித்ருவியஸ் தம் பத்தாம் நூலில் விவரிக்கிறார். அதில் ஒன்றின் பெயர் 'இடிக்கும் அண்டங்காக்கை'. சிலர் அதையே 'கொக்கு' என்பார்கள் என்று போகிறபோக்கில் எழுதிவைத்திருக்கிறார். புதிர்க்காரர்கள் பிடித்துக்கொண்டது இந்த ஒற்றை வரியைத்தான்.

நீண்ட கழுத்தைப் பார்த்துப் பொறிக்குப் பெயர் வைப்பது வேறு மொழிகளிலும் உண்டு. கிரேக்க 'கெரனோஸ்', பிரெஞ்சு 'க்ரூ', ஆங்கிலக் 'கிரேன்' எல்லாமே பறவையையும் குறிக்கும், பாரந்தூக்கியையும் குறிக்கும். நாய் வாங்கும்போது கேட்கிற 'பெடிக்ரி'கூடப் பழைய பிரெஞ்சில் 'கொக்கின் கால்' என்பதிலிருந்து வந்ததுதான். வம்சாவளிப் படத்தின் கிளைக்கோடு அப்படித் தெரியுமாம்.

அப்புறம், ரோமானியப் படைக்கலங்கள் ஒரு மிருகக்காட்சிசாலை. மதில் முட்டும் 'ஏரியஸ்' (செம்மறிக்கடா) 5 எழுத்து, கூரைக்கொட்டகை 'டெஸ்டூடோ' (ஆமை) 7. கல்லெறியும் 'ஒனாகர்' (காட்டுக்கழுதை) 6. அண்டங்காக்கையான 'கார்வஸ்' அதுவும் 6. அங்கேதான் பலர் தடுக்கி விழுவது. இரண்டாம் கட்டத்தில் 'என்' வந்தால் கழுதை, 'ஓ' வந்தால் காக்கை.