டாலரில் கடன், ரூபாயில் வரி: கேள்வி பதில்

வெளிநாடுகளில், வெளிநாட்டு நாணயத்தில் அரசாங்கங்கள் வாங்கும் கடனைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வட்டார நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கேள்விகளில் பெரும்பாலானவை இலங்கையைப் பற்றியே இருந்ததால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சீனாவிடம் கடன் வாங்கித்தான் இலங்கை திவாலானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதானா? (பள்ளி ஆசிரியை, திருப்பாதிரிப்புலியூர்)

பாதிகூடச் சரியில்லை, அம்மா. சீனாவின் பங்கு, அரசு நிறுவனங்கள் வாங்கியதையும் சேர்த்தால், இலங்கையின் வெளிக்கடனில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அதைவிடப் பெரிய பாரம் சர்வதேசச் சந்தையில் விற்ற டாலர் கடன் பத்திரங்கள். 2007-இல் 50 கோடி டாலருக்கு முதல் பத்திரத்தை விற்றார்கள். ஐந்தாண்டுக் கடன், வட்டி 8.25 விழுக்காடு. போர் முடிந்த பிறகு இந்தப் பழக்கம் வேகமெடுத்தது. 2022-இல் நிலுவையில் இருந்த பத்திரங்கள் மட்டும் சுமார் 1,250 கோடி டாலர்.

இந்தப் பத்திரங்களின் இயல்பைக் கவனியுங்கள். உலக வங்கிக் கடனில் அசல் பல ஆண்டுகளுக்குச் சிறு சிறு தவணையாகப் போகும். பத்திரத்தில் ஆண்டுதோறும் வட்டி மட்டும்தான்; முதிர்வு நாளில் மொத்த அசலும் ஒரே நாளில் போயாக வேண்டும். கையில் பணம் இல்லாத நாடு என்ன செய்யும்? புதிய பத்திரம் விற்றுப் பழையதை அடைக்கும். சந்தை நம்பும்வரை இந்தச் சங்கிலி ஓடும். 2019-ஆம் ஆண்டின் இறுதியில் மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 8-ஆகக் குறைத்தார்கள். அரசின் வருமானம் இடிந்து விழுந்தது. பின்னாலேயே கொரோனா வந்து சுற்றுலா டாலரை நிறுத்தியது. தர மதிப்பீட்டு நிறுவனங்கள் நாட்டின் கடன் தரத்தைக் குறைத்தன, சந்தை கதவைச் சாத்தியது. அதன் பிறகு முதிர்ந்த ஒவ்வொரு பத்திரத்தையும் அந்நியச் செலாவணிக் கையிருப்பிலிருந்தே கட்ட வேண்டியதாயிற்று.

அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைக் கடனுக்கு ஈடாகச் சீனா பறித்துக்கொண்டது என்பதும் தவறு. 2017-இல் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை, சுமார் 112 கோடி டாலர். அந்தப் பணம் கையிருப்பில் சேர்ந்தது. துறைமுகக் கடன் ரத்தாகவில்லை. அது அப்படியே இருந்தது.

என்னால் இன்றும் ஆற முடியாதது 2022 ஜனவரி மாதத்து முடிவு. கையிருப்பு வற்றிக்கொண்டிருந்த நேரத்தில், நிறுத்துங்கள், கடன்காரர்களுடன் இப்போதே பேசுங்கள் என்று அந்நாட்டுப் பொருளியலாளர்கள் பலர் மன்றாடியும், 50 கோடி டாலர் பத்திரத்தை முழுமையாகக் கட்டினார்கள். அந்த டாலர் எரிவாயுவுக்கும் மருந்துக்கும் பால் மாவுக்கும் போயிருக்க வேண்டியது. மார்ச் மாதம் மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற முதியவர்கள் உயிரிழந்தார்கள். அச்சிடக் காகிதம் இல்லாமல் பள்ளித் தேர்வுகள் தள்ளிப் போயின. தனுஷ்கோடிக் கரையில் குழந்தைகளோடு மக்கள் வந்து இறங்கினார்கள். ஏப்ரல் 12 அன்று வெளிக்கடன் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. எப்படியும் நிறுத்தப் போகிற ஒன்றை மூன்று மாதம் முன்னால் நிறுத்தியிருக்கலாம்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு ஓய்வூதியம் யூரோவில் வருகிறது. ரூபாய் சரிந்தால் எங்களுக்கு வரவு கூடுகிறது. அரசாங்கத்துக்கு மட்டும் அது ஏன் கேடு? (ஓய்வூதியர் குடும்பம், முத்தியால்பேட்டை)

உங்கள் வீட்டில் வரவு யூரோ, செலவு ரூபாய். அரசாங்கத்துக்கு இது அப்படியே தலைகீழ். வரி முழுவதும் உள்நாட்டு நாணயத்தில் வருகிறது. வட்டியும் அசலும் டாலரில் போகின்றன.

இலங்கைக் கணக்கையே போடுவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதத்தில் சுமார் 360. 100 கோடி டாலர் கட்ட வேண்டுமென்றால் முதலில் 20,000 கோடி ரூபாய் போதும். பத்து வாரம் கழித்து 36,000 கோடி வேண்டும். இடையில் புதிதாக ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கவில்லை. எந்தச் சட்டமன்றமும் ஒப்புதல் தரவில்லை. ஆனாலும் கடன் வளர்ந்துவிட்டது. நாடு நலிந்து கிடக்கும் நேரத்தில்தான் நாணயம் சரியும், அந்த நேரத்தில்தான் கடனும் பெருகும். அதனால்தான் கடனின் அளவைக் கேட்பதற்கு முன்னால் அது எந்த நாணயத்தில் இருக்கிறது என்று கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பணம் அச்சடித்து டாலர் வாங்கிக் கட்டினால் என்ன? அமெரிக்காவும் ஜப்பானும் கடனில்தானே ஓடுகின்றன? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

அச்சடித்த ரூபாயைக் கொண்டுபோய் டாலர் சந்தையில் கொட்டினால் ரூபாயின் விலை இன்னும் விழும். அதே டாலருக்கு மேலும் அச்சடிக்க வேண்டும். அமெரிக்கா டாலரிலும் ஜப்பான் யென்னிலும், அதாவது தத்தம் சொந்த நாணயத்தில், கடன் வாங்குகின்றன. ஜப்பான் அரசின் கடன் அந்நாட்டு ஆண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இருந்தும் அது இலங்கையின் நிலைக்கு வராததற்கு இதுவே முதல் காரணம்.

கானாவிலிருந்து முந்திரிக் கொட்டை இறக்குமதி செய்கிறோம். தங்கமும் கோகோவும் உள்ள அந்த நாடு 2022 டிசம்பரில் கடனை நிறுத்தியது ஏன்? (முந்திரி வியாபாரி, பண்ருட்டி)

டாலரில் கொட்டை வாங்கி ரூபாயில் பருப்பு விற்கும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. மண்ணில் தங்கம் இருப்பதும் கருவூலத்தில் டாலர் இருப்பதும் வேறு வேறு. தங்கம் தோண்டும் நிறுவனங்களின் வருமானத்தில் ஒரு பகுதிதான் அரசுக்கு வரும். கோகோவில் பெரும்பகுதி பதப்படுத்தாமலே கப்பலேறுகிறது. உங்கள் கொட்டையும் அப்படித்தான் வருகிறது, உடைத்து லாபம் பார்ப்பவர்கள் பண்ருட்டியிலும் வியட்நாமிலும் இருக்கிறார்கள். கானாவும் 2007-இல்தான் டாலர் பத்திரச் சந்தைக்குள் நுழைந்தது. 2022-இல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை ஏறத்தாழப் பூஜ்யத்திலிருந்து 4 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றியபோது, முதலீட்டாளர்கள் இப்படிப்பட்ட நாடுகளிலிருந்து பணத்தை இழுத்துக்கொண்டார்கள்.

இது புதிதுமல்ல. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கர் வட்டியை உயர்த்தினார். 1982 ஆகஸ்டில் மெக்சிகோ கை விரித்தது, அதைத் தொடர்ந்து லத்தீன் அமெரிக்கா பத்தாண்டுகளை இழந்தது. வாஷிங்டனில் எடுக்கும் முடிவுக்குக் கானாவின் தலைநகர் அக்ராவிலும் கொழும்பிலும் விலை கொடுக்கிறார்கள். இது அநீதி என்றே நான் நினைக்கிறேன்.

சுனாமிக்குப் பிறகு உலக வங்கிக் கடனில் எங்கள் கடற்கரையில் வேலைகள் நடந்தன. அதுவும் இப்படி ஆபத்தான கடன்தானா? (மீனவ இளைஞர், தேவனாம்பட்டினம்)

இல்லை தம்பி. இந்த வேறுபாட்டை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2005-இல் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமான சுனாமி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச வளர்ச்சிச் சங்கம் 46.5 கோடி டாலர் ஒதுக்கியது. அக்காலத்தில் இந்தியாவுக்கு அந்தச் சங்கம் கொடுத்த கடன்களின் வழக்கமான நிபந்தனை: 35 ஆண்டுத் தவணை, முதல் பத்தாண்டுக்கு அசல் கட்ட வேண்டாம், சேவைக் கட்டணம் முக்கால் விழுக்காடு.

2005-இல் ஒரு டாலர் சுமார் 44 ரூபாய். இப்போது 85-க்கு மேல். இருபது ஆண்டில் இருமடங்கு என்றால் ஆண்டுக்குச் சராசரி மூன்றரை விழுக்காடு. முக்கால் விழுக்காட்டையும் சேர்த்தால் உண்மையான செலவு நாலேகால். உள்நாட்டில் அரசு இந்தக் காலத்தில் பெரும்பாலும் ஏழு, எட்டு விழுக்காட்டுக்குக் கடன் வாங்கியிருக்கிறது. ஆகவே ரூபாய் சரிந்த பிறகும் அது மலிவான கடன்தான். ஆறு, எட்டு விழுக்காடு வட்டிக்குச் சந்தையில் வாங்கும் டாலர் கடனுடன் அதே மூன்றரையைக் கூட்டிப் பாருங்கள், விபரீதம் புரியும். மேலோட்டமாகப் பார்த்தால் குறைந்த வட்டி போலத் தெரிவதால் நிதியமைச்சர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

இன்னொன்று. நம் அரசமைப்புச் சட்டத்தின் 293-ஆம் பிரிவின்படி மாநில அரசு இந்திய எல்லைக்குள் மட்டுமே கடன் வாங்க முடியும். வெளிநாட்டுக் கடனை ஒன்றிய அரசு வாங்கி மாநிலத்துக்குத் தருகிறது. 12-வது நிதிக்குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, பொதுவாக அது வாங்கிய நிபந்தனையிலேயே மாநிலத்துக்குப் போகிறது. நாணய மதிப்புச் சரிவின் சுமையும் மாநிலத்துடையதே. சட்டமன்றத்தில் இதைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பி நான் பார்த்ததில்லை. எழுப்ப வேண்டும்.

நெய்வேலி முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் வந்தது. அதற்கு டாலர் கொடுத்தோமா? (ஓய்வு பெற்ற மின் ஊழியர், நெய்வேலி)

கொடுக்கவில்லை. 1962-இல் முதல் அலகு ஓடத் தொடங்கிய அந்தக் காலத்தில் சோவியத் கடன்களை ரூபாயில் திருப்பிக் கட்டினோம். அந்த ரூபாயைக் கொண்டு அவர்கள் நம்மிடம் தேயிலை, தோல் பொருள், துணி வாங்கினார்கள். கடன் அடைய அடைய ஏற்றுமதியும் வளர்ந்தது. வளரும் நாட்டுக்கு இதைவிட இணக்கமான ஏற்பாடு அரிது. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு, கடன் பாக்கியைக் கணக்கிட அந்நாட்டு நாணயமான ரூபிளுக்கு என்ன விலை வைப்பது என்ற வழக்கு நீண்டு, 1993-இல்தான் ரஷ்யாவுடன் தீர்வு ஏற்பட்டது.

1991-இல் தங்கத்தை அடகு வைத்தோமே, அது மறுபடியும் நடக்குமா? (நகை வியாபாரி, கடலூர் முதுநகர்)

அப்போது கையிருப்பு இரண்டு வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. மே மாதம் 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் உரிமையுடன் சுவிட்சர்லாந்து வங்கிக்கு விற்றார்கள்; ஜூலையில் ரிசர்வ் வங்கியின் சுமார் 47 டன், இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகாகப் போனது. அந்த அடகில் கிடைத்தது சுமார் 40 கோடி டாலர். ஒரு தவணைகூடத் தவறவில்லை.

இன்றைய நிலை வேறு. ஒன்றிய அரசின் கடனில் வெளிநாட்டுப் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். அதிலும் பெரும்பகுதி உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஜப்பான் போன்ற நீண்ட காலக் கடன்கள். வெளிநாட்டுச் சந்தையில் டாலர் பத்திரம் விற்ற வரலாறு இந்திய அரசுக்கு இல்லை. 2019 ஜூலை பட்ஜெட்டில் விற்கப்போவதாக அறிவித்தார்கள். ரிசர்வ் வங்கியின் முன்னாள் ஆளுநர் ரகுராம் ராஜன் உள்ளிட்டோர் எச்சரித்தார்கள், திட்டம் கிடப்பில் போனது. அது கிடப்பிலேயே இருக்கட்டும்.

கேரளம் லண்டனில் விற்ற மசாலா பத்திரம்? (தணிக்கையாளர், நெல்லித்தோப்பு)

2019-இல் கேரள உள்கட்டமைப்பு முதலீட்டு நிதி வாரியம் 2,150 கோடி ரூபாய் திரட்டியது. விற்ற இடம் வெளிநாடு, நாணயம் ரூபாய். சரிவின் ஆபத்து முதலீட்டாளர் தலையில்; அதற்கு விலையாக அவர்கள் கேட்ட வட்டி 9.72 விழுக்காடு. காப்பீட்டுப் பிரீமியம் கட்டியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாடு கட்டாவிட்டால் வந்து ஜப்தி செய்ய முடியுமா? (வழக்கறிஞர், மஞ்சக்குப்பம்)

டாலர் பத்திரங்கள் பெரும்பாலும் நியூயார்க் அல்லது இங்கிலாந்துச் சட்டத்தின் கீழ் எழுதப்படுகின்றன. கடன் வாங்கும் நாடு தன் இறையாண்மைப் பாதுகாப்பை அந்த வழக்குகளுக்காக விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுகிறது. 2001-இல் அர்ஜென்டினா கடனை நிறுத்தியது. பெரும்பாலோர் குறைத்துப் பெற ஒப்புக்கொண்டார்கள். மலிவு விலைக்குப் பத்திரங்களை வாரிய சில நிதியங்கள் முழுத் தொகைக்கு வழக்காடின. 2012 அக்டோபரில் அர்ஜென்டினாவின் கடற்படைப் பயிற்சிக் கப்பல் லிபர்தாத், கானாவின் தேமா துறைமுகத்தில் நிறுத்திவைக்கப்பட்டது. கடல் சட்டத்துக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் தலையிட்டு டிசம்பரில் விடுவித்தது. 2016-இல் அந்நாடு அந்த நிதியங்களுக்குப் பணம் கொடுத்துத்தான் வழக்கை முடித்தது. தனி மனிதன் திவாலானால் பாதுகாக்கச் சட்டம் உண்டு. நாடுகளுக்கு அப்படி ஒரு நீதிமன்றம் இதுவரை இல்லை.

யாழ்ப்பாணத்தில் உறவினர்கள் இருக்கிறார்கள். இலங்கை மீண்டுவிட்டதா? (குடும்பத் தலைவி, அரியாங்குப்பம்)

வரிசைகள் மறைந்துவிட்டன, கையிருப்பு கூடியிருக்கிறது. 2022-இல் இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி தந்ததும், தமிழ்நாடு அரிசியும் பால் மாவும் மருந்தும் அனுப்பியதும் மூச்சுவிட இடம் கொடுத்தன. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. விலையாக வரியும் மின் கட்டணமும் ஏறின. உங்கள் உறவினர்கள் தொலைபேசியில் சொல்லும் செலவுக் கணக்கில் அதுவும் சேர்ந்திருக்கிறது.

2024 டிசம்பரில் பத்திரதாரர்களுடன் உடன்பாடு முடிந்தது: அசலில் 27 விழுக்காடு தள்ளுபடி. ஆனால் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் அந்தத் தள்ளுபடி சுருங்கும். நாடு கூடுதலாகக் கட்ட வேண்டும். இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் தலைமையிலான அரசுக் கடன்காரர்கள் குழுவுக்கு அசல் கட்டுவது 2028-இல் தொடங்குகிறது. அதற்குள் ஏற்றுமதியிலிருந்தும் சுற்றுலாவிலிருந்தும் வரும் டாலர் போதுமான அளவு உயர வேண்டும். புதிய டாலர் பத்திரம் விற்று அந்தத் தவணையைக் கட்டத் தொடங்கினால், 2007-இல் கிளம்பிய அதே பாதைதான்.