ஸ்டீயரிங் திடீர்னு டைட் ஆகுதா? மொதல்ல வயரைப் பாருங்க

கேள்வி: சார், என்கிட்ட 2014 மாடல் சின்ன ஹேட்ச்பேக் இருக்கு. ஓட்டிட்டு இருக்கும்போதே மீட்டர்ல இபிஎஸ் (எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்) லைட் எரிஞ்சு ஸ்டீயரிங் கல்லாட்டம் ஆயிடுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா சரியாயிடுது, மறுபடி எப்ப வரும்னே தெரியல. சர்வீஸ் சென்டர்ல டார்க் சென்சார் (திருப்புற விசையை அளக்கறது) எரர், ஸ்டீயரிங் காலம் (வீலுக்கு கீழ வர்ற தண்டு) அசெம்பிளியவே மாத்தணும், நாப்பதாயிரம் ஆகும்ங்கறாங்க. எங்க ஏரியா எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டுக்கு கீழ தலையை விட்டு பாத்துட்டு எலி கடிச்சிருக்கு, ஒட்டு போட்டுடலாம்ங்கறார். யார் சொல்றத கேக்கறது?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: எலக்ட்ரீஷியன் சொல்றதுல பாதிய கேளுங்க. வயர்தான் கோளாறுன்னு அவர் சொல்றது சரியா இருக்க நிறைய வாய்ப்பு இருக்கு, ஏன்னா சென்சாரே போயிருந்தா பெரும்பாலும் லைட் எரிஞ்சது எரிஞ்சபடியே நிக்கும், உங்களுக்கு மாதிரி வந்து வந்து போகாது. ஆனா அந்த 'ஒட்டு' போடுற வேலை இருக்கே, அதுலதான் எனக்கு பயம்.

உங்க வண்டியில ஸ்டீயரிங் ராடுக்கு நடுவுல டார்ஷன் பார்னு ஒரு மெல்லிய கம்பி இருக்கு. நீங்க வீலை திருப்பும்போது அது லேசா முறுக்கும், எவ்வளவு முறுக்குதுன்னு டார்க் சென்சார் அளந்து இசியுங்கற கன்ட்ரோல் கம்ப்யூட்டருக்கு சொல்லும், அதுக்கேத்த மாதிரி மோட்டார் தள்ளிவிடும். இதுல விஷயம் என்னன்னா சென்சார் ஒரு சிக்னல் இல்ல, ரெண்டு சிக்னல் அனுப்புது. கொஞ்சம் பழைய வண்டிங்க பலதுல 5 வோல்ட் சப்ளை போகும், கையை எடுத்துட்டா ரெண்டு சிக்னலும் 2.5 வோல்ட் பக்கத்துல நிக்கும், திருப்பினா ஒண்ணு ஏறும் இன்னொண்ணு இறங்கும், கூட்டிப் பாத்தா எப்பவும் 5 பக்கத்துல வரணும். கணக்கு இடிச்சா இசியு யோசிக்காம மோட்டாரை கட் பண்ணிடும். பண்ணித்தான் ஆகணும், தப்பு சிக்னலை நம்பி மோட்டார் தானா திருப்பிச்சுன்னா உங்க கதி என்ன?

அதனாலதான் வெறும் கையால முறுக்கி கருப்பு டேப்பு சுத்துறது இங்க ஆகவே ஆகாது. ஹார்ன் வயருன்னா ஓடிடும். இங்க அந்த ஜாயிண்ட்ல பாசி புடிச்சு கொஞ்சம் ரெசிஸ்டன்ஸ் ஏறினாலே வோல்டேஜ் மாறும், நம்ம சித்திரை வெயில்ல டேப்பு பசை உருகி வழியும், அடுத்த மாசம் அதே லைட்டு.

செய்யவேண்டியது இதுதான். மொதல்ல பேட்டரி டெர்மினலும் எர்த்தும் சுத்தமா டைட்டா இருக்கான்னு பாருங்க, மோட்டார் ஆம்பியர் நிறைய இழுக்கும், பேட்டரி வீக்கா இருந்தாலும் இந்த லைட் வரும். அடுத்து, மைனஸை கழட்டிட்டு சில நிமிஷம் சும்மா இருங்க, ஏர்பேக் வயர் (மஞ்சள் கலர் கப்ளர், அதாவது வயர் சொருகுற பிளக், இருக்கும்) பக்கத்துலயே போகுது, அதுல யாரும் கை வைக்கக்கூடாது. சென்சார் பக்கம், இசியு பக்கம் ரெண்டு கப்ளரையும் கழட்டி மல்டிமீட்டரை பீப் மோடுல வச்சு ஒவ்வொரு வயரா செக் பண்ணணும், பண்ணும்போதே வயரிங் கிட்டை கையால ஆட்டணும், ஸ்டீயரிங்கை மேல கீழ டில்ட் பண்ணணும். சத்தம் விட்டு விட்டு வந்தா வயர் அங்கதான் போயிருக்கு. டெஸ்ட் லேம்ப் வச்சு குத்திப் பாக்கறவர்கிட்ட வண்டிய விடாதீங்க, இசியுவே காலியாகும்.

வயர் மாத்தும்போது அதே தடிமன்ல புதுசு எடுத்து, முடிஞ்சா கப்ளர்ல இருந்து கப்ளர் வரைக்கும் முழுசா இழுக்கச் சொல்லுங்க. ஜாயிண்ட் போட்டே ஆகணும்னா சரியான ஸ்ப்ளைஸ் (வயரை இணைக்கிற சின்ன உலோகக் குழாய்) வச்சு அழுத்தி கிரிம்ப் பண்ணியோ, சால்டரிங் பண்ணியோ மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினா சுருங்கி இறுகுற உறை) போடணும், எல்லா ஜாயிண்டும் ஒரே இடத்துல வரக்கூடாது, டில்ட் பண்ணும்போது மடங்குற இடத்துல ஜாயிண்டே கூடாது. கூட வர்ற வயருங்க முறுக்கி வந்திருந்தா அதே மாதிரி முறுக்கி விடணும், அது அழகுக்கு இல்ல, மோட்டாரோட மின் இரைச்சல் சிக்னல்ல ஏறாம இருக்க.

எலி கடிச்சது சென்சார் வேர்லயே, வயர் வெளிய வர்ற இடத்துல இருந்தா சர்வீஸ் சென்டர் சொன்னது நியாயம்தான், நிறைய வண்டிக்கு சென்சார் தனியா விக்கறதே இல்ல. அப்பக்கூட சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய பார்ட்ஸ் விக்கற இடத்துல பழைய ஸ்டீயரிங் காலம் கிடைக்கும், பார்ட் நம்பர் அப்படியே ஒத்துப்போகணும், மாட்டினப்புறம் ஸ்கேனர் போட்டு சென்சாரை ஜீரோ பண்ணணும். வயர் மட்டும் மாத்தினா பெரும்பாலும் ஸ்கேனர்ல எரர் கோட் அழிச்சாலே போதும்.

கேள்வி: லைட் எரியும்போது ஓட்டலாமா? ஸ்டீயரிங் லாக் ஆயிடுமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: லாக் ஆகாதும்மா, வீலுக்கும் டயருக்கும் இரும்பு இணைப்பு அப்படியே இருக்கு, கனமாகும் அவ்வளவுதான். ஹைவேஸ்ல பெருசா தெரியாது, பார்க்கிங்ல கை வலிக்கும். ஆபத்து எங்கன்னா பாதி வளைவுல திடீர்னு கட் ஆகும்போது. ஒர்க்ஷாப் வரைக்கும் மெதுவா ஓட்டிட்டு போங்க, ஊட்டி ட்ரிப்ப தள்ளி வைங்க.

கேள்வி: என்னோடது ஆயில் பவர் ஸ்டீயரிங். நின்ன இடத்துல முழுசா ஒடிச்சா இன்ஜின் ஆஃப் ஆகுது. இதுலயும் சென்சார் உண்டா?
- ஒரு வாசகர், கரூர்

பதில்: பல வண்டியில உண்டு. பம்ப்புலயோ பிரஷர் லைன்லயோ ஒரு சின்ன பிரஷர் சுவிட்ச் இருக்கும், லோடு ஏறுதுன்னு அது சொன்னா இன்ஜின் ஐடில் வேகத்தை (வண்டி நிக்கும்போது இன்ஜின் சுத்துற வேகம்) கொஞ்சம் ஏத்திக்கும். அந்த வயர் அறுந்தா உங்க கதைதான். பம்ப்பு ஆயில் கசிஞ்சு கப்ளர்ல ஊறியிருக்கும், கழட்டி கான்டாக்ட் கிளீனர் அடிச்சுப் பாருங்க, ஐடில் வால்வையும் ஒரு தடவை சுத்தம் பண்ணச் சொல்லுங்க.