சக ஆதரவு: எதுவரை, எப்படி?

மருத்துவரும் கவுன்சலரும் இருக்கும்போது, ஆதரவு தர மனநோயிலிருந்து மீண்ட இன்னொருவர் எதற்கு?

மற்றவர் காதில் விழாத குரல்கள் சிலருக்குக் கேட்கும்; மாத்திரை அந்தக் குரல்களைக் குறைக்கும். ஆனால் ஓடும் பஸ்ஸில் குரல் கேட்டால் என்ன செய்வது என்பது, கேட்டு வாழ்ந்தவருக்குத்தான் தெரியும். போனைக் காதில் வைத்து, யாரோடோ பேசுவதுபோல அதற்குப் பதில் சொல்லுங்கள் என்பார். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குரல் கேட்போரை ஒன்றுசேர்க்கும் முயற்சியை நெதர்லாந்தில் 1987-இல் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம் தொடங்கியதும், தன்னிடம் வந்த ஒரு பெண் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்ட பிறகுதான்.

"நான் மாத்திரையை நிறுத்திட்டேன், நல்லாத்தான் இருக்கேன்" என்று எங்கள் சக ஆதரவுக் குழுவில் ஒருவர் சொன்னார். என் தம்பியும் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையை நிறுத்தப் போகிறானாம்.

நிறுத்த விடாதீர்கள். லித்தியத்தைத் திடீரென விட்டால் சில மாதங்களுக்குள் மேனியா (அளவுமீறிய உற்சாகமும் படபடப்பும்) திரும்பும் ஆபத்து அதிகம். குழுவில் மருந்தின் அளவைப் பற்றிப் பேச இடமே தரக்கூடாது. கை நடுக்கம், எடை கூடுவது, ஓயாத தாகம் என்று மாத்திரையால் தம்பி படும் பாட்டைத் தாளில் எழுத உதவலாம். அந்தத் தாளோடு மருத்துவரிடம் உடன் போகலாம்.

எங்கள் ஊரில் குழு தொடங்கினால் எத்தனை பேர்?

6 முதல் 10 பேர், ஒன்றரை மணி நேரம், மாறாத கிழமை, மாறாத இடம். நடத்த இருவர் வேண்டும்: ஒருவர் அழுது எழுந்து போனால் பின்னால் போக ஓர் ஆள். ஆளுக்கு 3 நிமிடம். கேட்காமல் அறிவுரை கூடாது. பெரும்பாலும் குழு உடைவது, நடத்துபவர் இரவு பகலாகப் போன் எடுத்துக் களைத்துப்போவதால்தான். போனில் பேசும் நேரத்தை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

சாக வேண்டும்போல இருக்கிறது, யாரிடமும் சொல்லாதே என்றால்?

அந்த வாக்கை மட்டும் கொடுக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தென்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். "தற்கொலை செய்துகொள்ள நினைக்கிறீர்களா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பூச்சிமருந்து, சேர்த்துவைத்த மாத்திரைகள் வீட்டை விட்டுப் போக வேண்டும். தனியே விடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். ஆபத்து அந்த நேரத்திலேயே என்றால் 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

உதவுபவருக்கே நோய் திரும்பினால்?

திரும்பலாம், அது குற்றமில்லை. இரண்டு இரவு தூக்கம் கெட்டால் யாரை அழைப்பது, குழுவை யார் ஏற்பது என்று அவர் நன்றாக இருக்கும்போதே எழுதி, இணை நடத்துநரிடம் ஒரு பிரதி கொடுத்துவைக்கட்டும்.